பேர்போன் லேப்டாப்: தேர்வு செய்வதிலிருந்து கோத்து முடித்துச் சோதிப்பது வரை முழுமையான வழிகாட்டி

பேர்போன் லேப்டாப் என்பது முக்கால்வாசி கட்டி முடித்த லேப்டாப். சேஸி (வெளிக்கூடு), திரை, கீபோர்டு, டச்பேட், பேட்டரி, மதர்போர்டு, அதில் சால்டர் செய்த (பற்றவைத்த) பிராசஸர், கூலிங் எல்லாம் கோத்தே வரும். ரேம், எஸ்எஸ்டி, ஆபரேட்டிங் சிஸ்டம் மூன்றும் இருக்காது. சில மாடல்களில் வைஃபை கார்டும் இருக்காது. அவற்றை நீங்களே வாங்கிப் போட வேண்டும்.

டெஸ்க்டாப் அசெம்பிள் செய்து பழகியவர்கள் இங்கே பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். எந்த ரேம், எந்த எஸ்எஸ்டி என்று நாள்கணக்கில் அலசுவார்கள். பேர்போனை மட்டும் பிராசஸர் பெயரையும் விலையையும் பார்த்து எடுத்துவிடுவார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. ரேமும் எஸ்எஸ்டியும் பத்து நிமிட வேலை, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பிராசஸர், கூலிங், திரை, கீபோர்டு, பயாஸ் (மெஷினை முதலில் விழிக்கவைக்கும் அடிப்படை மென்பொருள்) ஆகியவற்றோடு அந்த மெஷின் இருக்கும்வரை நீங்கள் குடித்தனம் நடத்தியாக வேண்டும். அதனால்தான் இங்கே மாற்ற முடியாதவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, மாற்றக்கூடியவற்றைப் பிறகு பார்க்கிறோம்.

## படி 1: செய்பவர் யார், விற்பவர் யார் என்று பாருங்கள்

பேர்போன் உலகில் அதிகம் அடிபடும் தயாரிப்பாளர்கள் இரண்டு பேர்: தைவானின் கிளெவோ, சீனாவின் டாங்ஃபாங். பொதுவாக இவர்கள் நமக்கு நேரடியாக விற்பதில்லை. சேஸியைச் செய்து கொடுப்பார்கள். சிஸ்டம்76, டக்சீடோ, எக்ஸ்எம்ஜி, நோவாகஸ்டம் போன்ற நிறுவனங்கள் அதில் தங்கள் பெயரைப் போட்டு விற்கின்றன. ஒரே சேஸி மூன்று நாடுகளில் மூன்று பெயரில் கிடைப்பது சர்வசாதாரணம்.

இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். விற்பவரிடம் மூல மாடல் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அடிப்பக்க ஸ்டிக்கரிலேயே இருக்கும். அந்தக் குறியீட்டைப் போட்டுத் தேடினால், அதே சேஸியை வேறு பெயரில் வைத்திருப்பவர்கள் எழுதிய விமர்சனங்கள், விசிறிச் சத்தம் பற்றிய புகார்கள், பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டும் சர்வீஸ் மேனுவல் எல்லாம் கண்ணில் படும். குறியீட்டைச் சொல்லத் தயங்குகிற விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது. பின்னால் ஒரு பேட்டரியோ விசிறியோ தேவைப்படும்போது அந்தக் குறியீடு இல்லாமல் எதையும் தேட முடியாது.

ஒரே சேஸி என்பதற்காக பயாஸும் ஒன்றுதான் என்று எண்ணிவிட வேண்டாம். விசிறி வேகம், கீபோர்டு விளக்கு, சார்ஜ் வரம்பு போன்றவற்றைக் கவனிக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிப்புக்கான ஃபர்ம்வேர் (சிப்பிலேயே பதிந்த மென்பொருள்) விற்பவருக்கு விற்பவர் மாறும். ஒருவருடைய பயாஸை இன்னொருவருடைய மெஷினில் ஏற்றிப் போர்டையே செயலிழக்கச் செய்தவர்கள் உண்டு.

ஃபிரேம்வொர்க் என்ற நிறுவனம் வேறு ரகம். 2021-இல் முதல் 13 அங்குல மாடலைக் கொண்டுவந்தார்கள். ரேம், எஸ்எஸ்டி இல்லாமல் வாங்கி நீங்களே கோத்துக்கொள்ளும் டிஐஒய் பதிப்பும் உண்டு. கழற்றத் தேவையான ஸ்க்ரூடிரைவர் பெட்டியிலேயே இருக்கும். அதே 13 அங்குல சேஸிக்குள் 11ஆம் தலைமுறை இன்டெல்லில் தொடங்கி ரைசன் ஏஐ 300 வரை பல மதர்போர்டுகள் வந்துவிட்டன. பிராசஸர் பழசானால் போர்டை மட்டும் மாற்றலாம். கழற்றிய போர்டை ஒரு சிறு பெட்டியில் வைத்துக் குட்டிக் கணினியாக ஓட்டலாம். மாற்ற முடியாதவற்றின் பட்டியல் இதில்தான் மிகக் குறைவு.

ஐந்தாறு வருஷம் ஒரே மெஷினை வைத்துப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவது நோக்கம் என்றால் ஃபிரேம்வொர்க் பக்கம் போங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு, பெரிய திரை, இரண்டு எஸ்எஸ்டி ஸ்லாட் வேண்டும் என்றால் கிளெவோ, டாங்ஃபாங் சேஸிகளில் தேர்வு நிறைய.

## படி 2: பிராசஸர் பெயரை முழுதாகப் படியுங்கள்

லேப்டாப் பிராசஸரைக் கழற்றி மாற்றும் காலம் முடிந்துவிட்டது. இன்டெல்லில் சாக்கெட்டில் உட்காரும் லேப்டாப் பிராசஸர் 4ஆம் தலைமுறையோடு நின்றது. அதன்பிறகு எல்லாம் போர்டோடு சால்டர்தான். டெஸ்க்டாப் பிராசஸரையே ஏற்கும் கிளெவோ எக்ஸ்170 போன்ற தடித்த சேஸிகள் இடையில் வந்தன. இன்று அவை விதிவிலக்கு, அவ்வளவே.

இன்டெல்லில் கடைசி எழுத்தைப் பாருங்கள். 12, 13ஆம் தலைமுறைகளில் பொதுவாக யூ என்றால் அடிப்படைத் திறன் 15 வாட், பி என்றால் 28, ஹெச் என்றால் 45, ஹெச்எக்ஸ் என்றால் 55. ஆவணம், கோடிங், பிரவுசர் வேலைக்கு யூ அல்லது பி வகையே போதும், பேட்டரியும் நிற்கும். வீடியோ ரெண்டரிங், பெரிய கம்பைல் வேலை என்றால் ஹெச்.

ஏஎம்டியில் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. ரைசன் 7000 வரிசையில் முதல் இலக்கம் வெளியான ஆண்டைத்தான் காட்டும். உள்ளே இருக்கும் கட்டமைப்பை (ஏஎம்டி அதை ஜென் என்று அழைக்கிறது) சொல்வது மூன்றாவது இலக்கம். அது 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. ஆகவே 7730யூ என்பது ஜென் 3. 7840யூ என்பது ஜென் 4. இரண்டும் ரைசன் 7 என்றே விளம்பரத்தில் வரும், ஆனால் கிராஃபிக்ஸ் திறனில் இரண்டும் பக்கத்தில்கூட வராது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசஸர் பேக்கேஜிலேயே ஒட்டி வருகிறது, 16 அல்லது 32 ஜிபி. ரைசன் ஏஐ மேக்ஸ் மெஷின்களில் ரேம் போர்டில் சால்டர். பேட்டரிக்கும் வேகத்துக்கும் இவை நல்லவைதான். ஆனால் இவற்றை வாங்குகிறபோது ரேமும் மாற்ற முடியாத பட்டியலில் சேர்ந்துவிடுகிறது, அளவை அன்றே முடிவு செய்தாக வேண்டும். விவரப் பட்டியலில் எல்பிடிடிஆர் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரேம் வகை) என்று கண்டால் அதை சால்டர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எல்பிகேம்2 என்ற கழற்றக்கூடிய மாட்யூலாக இருந்தால் மட்டும் விலக்கு.

## படி 3: வாட் கணக்கைப் போடுங்கள்

மின்சாரமும் வெப்பமும்தான் ஒரு லேப்டாப்பின் உண்மையான வேகத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரே பிராசஸர் மெல்லிய சேஸியில் 28 வாட்டில் ஓடும், தடித்த சேஸியில் 54 வாட்டில் ஓடும். பெயர் ஒன்று, வேலை வேறு. விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: அரை மணி நேரம் முழுச்சுமையில் ஓடினால் பிராசஸர் எத்தனை வாட்டில் நிலைக்கும்? முதல் ஒரு நிமிடத்து உச்ச வாட்டைச் சொல்லி நழுவப் பார்ப்பார்கள், அது உதவாது.

தனி கிராஃபிக்ஸ் கார்டில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டை எடுத்துக்கொண்டால், 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் தயாரிப்பாளர் அமைக்கலாம். 60 வாட்டில் கட்டிய 4060-ஐவிட 115 வாட் 4060 எவ்வளவோ வேகம். கார்டின் பெயருக்குப் பக்கத்தில் டிஜிபி (கார்டுக்கு ஒதுக்கிய மொத்த மின்திறன்) எத்தனை வாட் என்று எழுதப்படாத விளம்பரத்தை நம்பி வாங்காதீர்கள்.

அடாப்டர் போதுமா என்பதையும் கூட்டிப் பாருங்கள். பிராசஸர் 45, கார்டு 115, திரைக்கும் மற்றவற்றுக்கும் 20 என்றால் 180 வாட். அடாப்டர் 150 வாட் என்றால் விளையாடும்போது சார்ஜரில் இருந்தபடியே பேட்டரி இறங்கும். இப்படிப்பட்ட மெஷினை 100 வாட் யுஎஸ்பி-சி சார்ஜரில் போட்டால் சாதாரண வேலைக்குத்தான் ஈடுகொடுக்கும்.

பேட்டரியை வாட்-மணியில் பாருங்கள், மில்லி ஆம்பியரில் ஒப்பிடாதீர்கள். 54 வாட்-மணி பேட்டரி, சாதாரண வேலையில் 8 வாட் இழுத்தால் ஆறே முக்கால் மணி நேரம். பெரிய மெஷின்கள் 99 வாட்-மணியில் நிற்பதற்குக் காரணம், விமானத்தில் முன் அனுமதி கேட்காமல் கொண்டுபோக உள்ள வரம்பு 100.

## படி 4: திரை, கீபோர்டு, பயாஸ்

திரையில் பலர் ஏமாறும் சொல் 45 சதவீத என்டிஎஸ்சி. என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் திரை காட்டக்கூடிய நிறங்களின் வீச்சைக் குறிக்கும் தரநிலைகள். கேட்க மோசமில்லை என்று தோன்றும். உண்மையில் அது எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாத, வெளிறிய பேனல். 72 சதவீத என்டிஎஸ்சி என்றால்தான் எஸ்ஆர்ஜிபி ஏறத்தாழ முழுதாகக் கிடைக்கும். வெளிச்சம் குறைந்தது 300 நிட்ஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்பவர் 400 கேளுங்கள். பேனலைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட வேண்டாம். கேபிள் 30 பின்னா 40 பின்னா, பிடிமானம் எந்தப் பக்கம், தடிமன் எவ்வளவு என்று எல்லாம் ஒத்துவந்தால்தான் நடக்கும்.

கீபோர்டு பல பேர்போன்களில் மேல் மூடியோடு சேர்ந்தே ரிவிட் செய்யப்பட்டிருக்கும். ஒரு கீ போனால் மூடியோடு மாற்ற வேண்டும். என்டர் கீயின் வடிவம், அம்புக்குறிகளின் அளவு, நம்பர் பேட் இருப்பதால் டச்பேட் இடப்பக்கம் தள்ளிப்போயிருப்பது ஆகியவற்றைப் படத்தில் உற்றுப் பாருங்கள். தினமும் கை படும் இடம் இதுதான்.

பயாஸ் விஷயத்தில் மூன்றைக் கேளுங்கள்: விற்பவரின் தளத்தில் பயாஸ் அப்டேட்டுகள் தேதியோடு பொதுவில் கிடைக்கின்றனவா, பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உண்டா, மூடியை மூடினால் எந்த வகை உறக்கத்துக்குப் போகும். புதிய பிராசஸர்கள் பலவற்றில் ரேம் தவிர மற்றதை அணைத்துவிடும் பழைய எஸ்3 உறக்கம் இல்லை, பாதி விழித்தே இருக்கும் எஸ்0 வகை மட்டும்தான். அது சரியாக அமையாத மெஷின் பைக்குள்ளேயே சூடாகி, எடுக்கும்போது பேட்டரி காலியாக இருக்கும். திறந்த ஃபர்ம்வேர் வேண்டுவோருக்கு சிஸ்டம்76-உம் நோவாகஸ்டமும் சில மாடல்களில் கோர்பூட் அடிப்படையிலான ஃபர்ம்வேரைத் தருகின்றன.

ஆர்டர் போடும் முன் கடைசியாக ஒன்று: பேட்டரி, விசிறி, கீபோர்டு மூன்றும் தனியாக விற்கிறீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## படி 5: ரேம்

முதலில் வகை. டிடிஆர்4 லேப்டாப் ரேமுக்கு 260 பின், டிடிஆர்5-க்கு 262 பின். நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அவசரத்தில் மாற்றி வாங்கிவிடுவது எளிது.

இரண்டு ஸ்லாட் இருந்தால் இரண்டிலும் ஒரே அளவு ரேம் போடுங்கள். ஒற்றை 32-ஐவிட இரண்டு 16 மேல். டிடிஆர்5-5600 ஒன்று வினாடிக்கு 44.8 ஜிபி கொடுக்கும், இரண்டு போட்டால் 89.6. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் இந்த அகலத்தை நம்பித்தான் ஓடுகிறது. 11 முதல் 13ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் ஐ5, ஐ7 லேப்டாப் பிராசஸர்கள் பலவற்றில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: ஒரே ரேம் போட்டால் டிவைஸ் மேனேஜரில் யுஹெச்டி என்று காட்டும், இரண்டு போட்டால் ஐரிஸ் எக்ஸ்இ என்று மாறும். பின்னால் ரேமைக் கூட்டுவது உறுதி என்றால் மட்டும் ஒற்றை 32-இல் தொடங்குங்கள்.

வேகத்தில் போர்டு தாங்கும் அளவுக்கு மேல் காசு கொடுக்காதீர்கள். 4800 வரைதான் தாங்கும் போர்டில் 5600 போட்டால் 4800-இல் ஓடும், கெடுதல் இல்லை, பலனும் இல்லை. எக்ஸ்எம்பி என்று விற்கும் ஓவர்கிளாக் ரேம் வேண்டாம். பெரும்பாலான லேப்டாப் பயாஸில் அதை இயக்கும் வசதியே கிடையாது. வாங்க வேண்டியது 1.1 வோல்ட்டில் ஓடும் சாதாரண ஜெடெக் (ரேம் தரநிலைகளை வகுக்கும் அமைப்பு) தர டிடிஆர்5-5600. 24, 48 ஜிபி ரேம்களைப் பழைய பயாஸ்கள் அடையாளம் காணாமல் போகலாம், முதலில் பயாஸ் அப்டேட்டில் ஆதரவு உண்டா என்று பாருங்கள்.

அளவு? சாதாரண வேலைக்கு 16 ஜிபி, கோடிங்கும் கன்டெய்னர்களும் ஓடினால் 32, வர்ச்சுவல் மெஷின், பெரிய வீடியோ புராஜெக்ட் என்றால் 64.

## படி 6: எஸ்எஸ்டி

பெரும்பாலான ஸ்லாட்டுகள் எம்.2 2280, அதாவது 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். சில சேஸிகளில் இரண்டாவது ஸ்லாட் 2242 அல்லது 2230 மட்டுமே கொள்ளும். இரண்டாவது ஸ்லாட் ஒரு தலைமுறை பின்தங்கியிருப்பதும் உண்டு, அதனால் ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறும் எஸ்எஸ்டியை வேகமான ஸ்லாட்டில் போடுங்கள். எம்.2 வடிவில் சாட்டா என்ற பழைய, வேகம் குறைந்த இணைப்பு முறையில் ஓடும் எஸ்எஸ்டிகளும் இருக்கின்றன. வேகமான என்விஎம்இ முறையை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் அவை தெரியவே தெரியாது.

ஒரு பக்கம் மட்டும் சிப் உள்ள எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் சிப் உள்ளவை தடிமன். அடிமூடி மூடாமல் முட்டும், அல்லது போர்டு லேசாக வளையும். டெஸ்க்டாப்புக்கான ஹீட்சிங்க் ஒட்டிய எஸ்எஸ்டி எதுவும் உள்ளே நுழையாது.

ஜென்5 (பிசிஐஇ இணைப்பின் ஐந்தாம் தலைமுறை; ஏஎம்டியின் ஜென் அல்ல) எஸ்எஸ்டி லேப்டாப்பில் வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. வினாடிக்கு 14,000 எம்பி என்ற எண்ணைப் பார்த்து வாங்கினால், சூட்டையும் பேட்டரி இழப்பையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். ஜென்4-இல் 5,000 முதல் 7,000 எம்பி கொடுக்கும், டிஎல்சி வகைச் சிப் (ஒரு செல்லில் மூன்று பிட்) உள்ள ஒன்று யாருக்கும் போதும். டிஎல்சி 1 டிபி எஸ்எஸ்டிக்கு 600 டிபிடபிள்யூ (ஆயுளில் மொத்தம் எத்தனை டிபி எழுதலாம் என்ற அளவு) சாதாரணம். மலிவான க்யூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட்) வகையில் அது 220 வரை இறங்கும். தனி டிராம் (எஸ்எஸ்டிக்குள் இருக்கும் சிறு நினைவகச் சிப்) இல்லாத எஸ்எஸ்டிகளை ஒதுக்க வேண்டியதில்லை. அவற்றில் நல்லவை குறைந்த மின்சாரத்தில் ஓடும், லேப்டாப்புக்கு அது ஒரு வரம்.

## படி 7: வைஃபை கார்டு

வைஃபை கார்டு சிறியதாக இருந்தாலும் குழப்பம் இதில்தான் அதிகம். இன்டெல் கார்டுகளில் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 போல 0-வில் முடிபவை சாதாரண பிசிஐஇ கார்டுகள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போல 1-இல் முடிபவை சிஎன்விஐ வகை. பாதி வேலையை இன்டெல் பிராசஸரே செய்யும், ஆகவே ஏஎம்டி போர்டில் அவை உயிரே பெறாது. வைஃபை 7-க்கான பிஇ200 பிசிஐஇ கார்டுதான் என்றாலும் பல ஏஎம்டி மெஷின்களில் வேலை செய்வதில்லை. சந்தேகம் வந்தால் ஏஎக்ஸ்210, இரு பக்கமும் ஓடும்.

## படி 8: கோப்பது

வேண்டிய கருவிகள்: பிஹெச்0, பிஹெச்1 ஸ்க்ரூடிரைவர்கள், ஃபிரேம்வொர்க் என்றால் டோர்க்ஸ் டி5, மெல்லிய பிளாஸ்டிக் நெம்பி, ஸ்க்ரூ வைக்கச் சில சிறு கிண்ணங்கள், ஓர் ஆன்டிஸ்டாட்டிக் கைப்பட்டை. கத்தியையோ இரும்பு ஸ்க்ரூடிரைவரையோ நெம்பப் பயன்படுத்தாதீர்கள்.

1. அடிமூடி ஸ்க்ரூக்களைக் கழற்றும்போதே ஒரு தாளில் சேஸியின் வடிவம் வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூ எது என்று அதன்மேலேயே வையுங்கள். முன்பக்க ஸ்க்ரூ குட்டையாகவும் பின்பக்கம் நீளமாகவும் இருக்கும். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் போட்டால் கைப்பக்கத்தில் புடைத்துக்கொண்டு வரும்.
2. ஒரு ஸ்க்ரூ மூடியைப் பிடித்துக்கொண்டே இருப்பதுபோல் தோன்றினால் இழுக்காதீர்கள். ரப்பர் காலுக்கு அடியிலோ ஸ்டிக்கருக்கு அடியிலோ இன்னொன்று ஒளிந்திருக்கும்.
3. கீல் இருக்கும் பின்பக்க மூலையிலிருந்து நெம்பியை நுழைத்துச் சுற்றிவாருங்கள். பிளாஸ்டிக் கிளிப்புகள் டக் டக் என்று விடும்.
4. மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, கனெக்டரின் இரு காதுகளையும் நெம்பி வெளியே தள்ள வேண்டும். பிறகு பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள்.

ரேம் போடுவதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், மெஷின் ஓடவில்லை என்ற புகாரில் பெரும்பங்கு இங்கேதான் முளைக்கிறது. ரேமின் வெட்டையும் ஸ்லாட்டின் முள்ளையும் நேராக்கி, 30 டிகிரி சாய்வில் நுழையுங்கள். நுழைந்ததும் அப்படியே கீழே அமுக்கிவிடாதீர்கள். சாய்ந்த நிலையிலேயே இரண்டு கட்டைவிரலாலும் உள்நோக்கித் தள்ளுங்கள். தங்கநிறப் பட்டைகள் ஸ்லாட்டுக்குள் மறைந்து, இடமும் வலமும் ஒரே அளவு மெல்லிய விளிம்பு மட்டும் தெரியும்வரை. அதன்பிறகே கீழே அமுக்க வேண்டும். இரண்டு பக்க உலோகக் கொக்கியும் ரேமின் அரைவட்டப் பள்ளத்தில் விழுந்து டக்கென்று சத்தம் வரும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் வந்தால் வெளியே எடுத்துத் திரும்பப் போடுங்கள். ஒரு பக்கம் பட்டை தெரிந்தபடி விட்டால் சில நாள் ஓடும், பிறகு காரணமில்லாமல் ஹேங் ஆகும்.

எஸ்எஸ்டியும் அதே சாய்வில்தான். நுழைத்துவிட்டு மறுமுனையைப் படுக்கவைத்து, பின்முனை தூணில் சரியாக உட்கார்ந்த பிறகு ஸ்க்ரூ போடுங்கள். இந்த ஸ்க்ரூ விரல்நுனி இறுக்கம் போதும். மூடியில் எஸ்எஸ்டிக்கு நேராக வெப்பப் பட்டை ஒட்டியிருந்தால் அதன் மேலுறையை உரிக்க மறக்காதீர்கள்.

வைஃபை கார்டில் பொறுமை வேண்டும். ஆன்டெனா முனைகள் குன்றிமணியைவிடச் சின்னவை. சுமார் 30 தடவைதான் போட்டுக் கழற்றத் தாங்கும். கார்டை முதலில் ஸ்க்ரூ போட்டு நிலைநிறுத்துங்கள். முனையை நுனிவிரலில் ஒட்டவைத்து, கார்டின் தங்கப் பொட்டுக்கு நேர்மேலே கொண்டுவந்து, சாய்க்காமல் விரலைச் சற்று அசைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றோடொன்று சிக்கியது விரலுக்குத் தெரியும். தெரிந்த பிறகுதான் நெம்பியின் தட்டைப் பக்கத்தால் நேராக அமுக்க வேண்டும். சிக்காமல் அமுக்கினால் முனையின் வளையம் நசுங்கும், பிறகு வயரோடு மாற்ற வேண்டியதுதான். எந்த வயர் எந்தப் பொட்டுக்கு என்று கழற்றும் முன்னமே படம் எடுத்துவையுங்கள்.

பேட்டரியைத் திரும்பப் பொருத்தி, மூடியை வைத்து, ஸ்க்ரூக்களை இன்னும் போடாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

## படி 9: முதல் பூட்

பவர் பட்டனை அழுத்தி எதுவும் நடக்காவிட்டால் பதற வேண்டாம். பல பேட்டரிகள் ஷிப்பிங் நிலையில் வரும். சார்ஜரைச் செருகினால்தான் விழிக்கும். ஆகவே முதல் பூட் எப்போதும் சார்ஜரில்தான்.

சார்ஜர் போட்டும் திரை கறுப்பாகவே இருந்தால் அப்போதும் அவசரப்படாதீர்கள். டிடிஆர்5 மெஷின்கள் புது ரேமைக் கண்டதும் அதற்கான நேர அமைப்புகளைத் தாமாகவே கண்டுபிடிக்கும். இதற்குச் சில நிமிடங்கள் ஆகும், 64 ஜிபி என்றால் இன்னும் கூடும். நடுவில் பவரை நிறுத்தினால் அடுத்த தடவை முதலிலிருந்து தொடங்கும். குறைந்தது பத்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

பயாஸுக்குள் போய் ரேமின் மொத்த அளவும் வேகமும், எஸ்எஸ்டியின் பெயரும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தேதி, நேரம் சரிசெய்யுங்கள். செக்யூர் பூட், டிபிஎம் ஆகிய பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இயக்கத்தில் இருக்கட்டும், விண்டோஸ் 11 கேட்கும்.

விண்டோஸ் ஏற்றுபவர்களை இரண்டு தடைகள் நிறுத்தும். 11ஆம் தலைமுறை முதல் வந்த இன்டெல் மெஷின்கள் பலவற்றில் விஎம்டி என்ற அமைப்பு இயங்கினால் நிறுவும் திரையில் எஸ்எஸ்டியே தெரியாது. பயாஸில் அதை அணைத்துவிட்டு நிறுவுங்கள், அல்லது அதற்கான டிரைவரை யுஎஸ்பியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, கணக்கு உருவாக்கும் திரை இணையம் கேட்கும், ஆனால் வைஃபை டிரைவர் இருக்காது. டிரைவரை வேறொரு கணினியில் முன்பே இறக்கி யுஎஸ்பியில் போட்டுவையுங்கள், அல்லது மொபைலை யுஎஸ்பி கேபிளில் இணைத்து இணையம் கொடுங்கள். பேர்போனின் பயாஸில் பெரும்பாலும் விண்டோஸ் உரிமம் பதிந்திருக்காது, தனியாக வாங்க வேண்டும்.

லினக்ஸ் என்றால் பிராசஸர் வெளியான பிறகு வந்த கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) உள்ள பதிப்பாக எடுங்கள். பழைய கர்னலில் வைஃபையும் உறக்கமும்தான் முதலில் படுத்தும்.

## படி 10: சோதனை

திரும்ப அனுப்பும் கெடு முடிவதற்குள் எல்லாச் சோதனையையும் முடித்துவிட வேண்டும். முதல் இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். ரேமை ஒவ்வொன்றாகத் தனியாகப் போட்டு எது என்று கண்டுபிடியுங்கள்.

அடுத்து பிராசஸருக்கு முழுச்சுமை கொடுக்கும் சினிபெஞ்சை அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பத்தையும் வாட்டையும் கவனியுங்கள். லேப்டாப் பிராசஸர் 95 டிகிரி தொடுவது தவறில்லை; பெரும்பாலானவற்றின் உச்ச வரம்பு 95 முதல் 110 டிகிரி. கவலைப்பட வேண்டியது, விற்பவர் சொன்ன வாட்டைவிட வெகுவாகக் கீழே இறங்கி நிற்பதும், ஒரே வகைக் கோர்களுக்கிடையே 15 டிகிரிக்குமேல் வித்தியாசம் வருவதும். ஹீட்சிங்க் சமமாகப் படியவில்லை என்பதற்கு இது அடையாளம். பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள வெப்பப் பேஸ்டை மாற்ற வாரண்டி இடம்கொடுத்தால் பிடிஎம்7950 போன்ற நிலைமாறும் பட்டையைப் போடுங்கள்; சுமார் 45 டிகிரியில் இளகிப் பரவும், பேஸ்ட்போல் ஓரத்துக்குப் பிதுங்கி வெளியேறாது. லிக்விட் மெட்டல் வேண்டவே வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும்.

பிறகு முழுத்திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி டெட் பிக்சல் தேடுங்கள். ஒவ்வொரு கீயையும் ஒவ்வொரு போர்ட்டையும் தொட்டுப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றி, மூடியை மூடி, ஓர் இரவு விட்டுக் காலையில் எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று பாருங்கள். ஐந்துக்குள் என்றால் நல்லது, இருபது என்றால் உறக்க அமைப்பு சரியில்லை.

## கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது

பவர் விளக்கு எரிந்து பத்து நிமிடத்துக்குப் பிறகும் திரை வராவிட்டால், ஒரே ரேமை முதல் ஸ்லாட்டில் மட்டும் போட்டுப் பாருங்கள். பிறகு மற்றதை. போட்ட ரேமில் பாதிதான் காட்டுகிறது என்றால் ஒன்று முழுதாக உட்காரவில்லை.

வைஃபை தெரிகிறது, ஆனால் ரவுட்டர் பக்கத்தில் இருந்தால்தான் பிடிக்கிறது என்றால் ஆன்டெனா முனை கழன்றிருக்கிறது. வைஃபை ஓடுகிறது, புளூடூத் மட்டும் இல்லை என்றால் டிரைவரைப் பாருங்கள். புளூடூத் யுஎஸ்பி வழியில் தனியாகப் போகிறது, அதற்கு டிரைவரும் தனி.

எஸ்எஸ்டி பெரிய கோப்பை நகலெடுக்கும்போது பாதியில் வேகம் சரிந்தால், அப்போது அதன் வெப்பம் எவ்வளவு என்று பாருங்கள். 80-ஐ நெருங்கினால் வெப்பப் பட்டை மூடியைத் தொடவில்லை. வெப்பம் குறைவாக இருந்தும் சரிந்தால் உள்ளே இருக்கும் கேஷ் தீர்ந்துவிட்டது. க்யூஎல்சியில் இது இயல்பு.

ரேமிலோ எஸ்எஸ்டியிலோ கோளாறு என்றால் அந்தத் துண்டை மட்டும் கடைக்கு அனுப்பினால் முடிந்தது. பேனல், கீபோர்டு, விசிறி, போர்டு என்றால் முழு மெஷினும் போக வேண்டும். அப்படி அனுப்பும்போது உங்கள் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ரேமை விடலாமா என்று கேட்டுவிட்டு விடுங்கள். வரிசை எண் தெரிய எல்லாவற்றையும் படம் எடுத்து, கழற்றிய ஸ்க்ரூவைத் திரும்ப அதன் தூணிலேயே போட்டு அனுப்புங்கள்.